காவல் என்று வந்தது

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் மிக்கேல் வீட்டில் கேக் வெட்டினார்கள். இந்த வாரம் அதே வீட்டில் அடுப்பு பாதியில் அணைந்தது.

கேக் டோனிக்காக. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், அப்பா எழுந்திருக்கும் முன்பே வெளியே போய் அவர் படுத்த பிறகு வீடு திரும்பிக்கொண்டிருந்த பையன் அவன். ஊருக்குள்ளேயே ஐந்து ரோடு சந்திப்புப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அந்த வேலையும் நிரந்தரமானது. அம்மா அந்தோணிமேரி நன்றிப் பூசை வைத்தாள். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மிக்கேல், பூசை முடிந்து வந்தவர்களையெல்லாம் கோயில் வாசலில் நிறுத்தி, "பையன் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராம காவல் காக்கற கம்பெனியில இருக்கானுங்க" என்று சொன்னார். 

அன்றைக்கு அக்சிலியா கேக்கைத் தின்னாமல் தட்டோடு வைத்துக்கொண்டு நின்றாள். டோனிக்கு மூத்தவள். ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு, அறிக்கையாக டைப் அடித்துத் தருவது அவள் வேலை. வீட்டு ஹாலில் ஒரு மூலை, ஒரு கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன். இத்தனை வருஷம் அந்த மூலைதான் வீட்டைத் தாங்கியது. இனிமேல் பாரத்தைப் பிடிக்க இன்னொரு கை வந்துவிட்டது என்ற நினைப்பிலேயே கையில் இருந்த கேக்கை மறந்துவிட்டாள்.

இந்தச் சனிக்கிழமை டோனி வழக்கம்போல ஆபீசுக்குப் போய்விட்டான். அந்தோணிமேரி குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். யாருடைய நுரையீரலிலோ தெரிந்த நிழலைப் பற்றி டாக்டர் சொல்லச் சொல்ல அக்சிலியா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசல் கேட் படாரென்று சுவரில் மோதியது.

சாலம்மாள். அடுத்த தெரு பெனடிக்டின் மனைவி. காலில் செருப்பு இல்லை.

"மிக்கேல் தம்பி! செத்த வந்து பாருங்க. அவரு கதவைத் தொறக்க மாட்டேங்கறாரு!"

மிக்கேல் சட்டையைத் தேடினார். "எந்தக் கதவுங்க அண்ணி?"

"கம்ப்யூட்டர் ரூமு. காலையில ஊசி போட்டுக்கிட்டுப் பூசைக்குப் போனாரு. வந்ததும் இட்லியை எடுத்து வைன்னாரு. நான் எடுத்து வைக்கறதுக்குள்ள உள்ள போய்த் தாழ் போட்டவருதான். கூப்பிட்டாப் பதில் இல்ல. ஆனா உள்ளார யாரோ பேசற சத்தம் கேக்குது. ஆம்பளைக் குரலு. அவரை அதட்டுது, தம்பி!"

அந்தோணிமேரி கரண்டியோடு வெளியே வந்தாள். "சர்க்கரைக்கு ஊசி போட்டுட்டு இன்னும் சாப்பிடலையா?"

அந்தக் கேள்வி முடியும் முன்பே அக்சிலியா தெருவில் இறங்கியிருந்தாள்.

பெனடிக்ட் மிக்கேல் வீட்டுக்கு வெறும் பக்கத்துத் தெருக்காரர் இல்லை. மிக்கேலோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர், டிக்கெட் பரிசோதகர். குழந்தை இல்லை. டோனிக்கு ஞானத்தகப்பன் அவர்தான். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர். ஓய்வுபெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பார். கோயில் பங்கு மடலைத் தன் கம்ப்யூட்டரிலேயே டைப் அடித்துக் கொடுப்பார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிற ஆள்.

அந்த ஆள் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

"பெனடிக்ட் அண்ணா! நாந்தான் மிக்கேலு. கதவைத் தொறங்க!"

கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. ஸ்பீக்கரில் வருகிற கட்டைக் குரல். "யார் அது? யாரும் வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? கேமராவைப் பார். கேமராவை விட்டு முகத்தைத் திருப்பாதே."

மிக்கேல் தோளைக் கதவில் வைத்தார். அது தேக்குக் கதவு. அசையவில்லை.

அக்சிலியா பக்கவாட்டுச் சந்தில் ஓடி ஜன்னலை எட்டிப் பார்த்தாள். பெனடிக்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பூசைக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பு. அதன் ஓரத்தில் தொப்பி வைத்த ஒரு மனிதன் சின்னக் கட்டத்துக்குள் தெரிந்தான். பெனடிக்ட் அவனைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார்.

மேசை மேல் ஒரு சாசர் இருந்தது. அதில் மாத்திரைகள். பட்டையைப் பிரித்துப் பிரித்துக் கொட்டிய மாத்திரைகள், ஒரு கைப்பிடிக்கு மேலேயே.

அக்சிலியா ஹாலுக்குத் திரும்பி ஓடி வந்தாள். டிவிக்குப் பக்கத்தில் இன்டர்நெட் பெட்டி மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

அந்தக் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

 பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவைத் திறந்துகொண்டு வந்த பெனடிக்டைப் பார்த்துச் சாலம்மாளே பின்னால் நகர்ந்தாள்.

"யாரு ஒயரைப் புடுங்குனது? மாட்டு! இப்பவே மாட்டு! போலீஸ் வண்டி கெளம்பிருச்சுன்னு சொன்னாங்க! கேமராவை நிறுத்துனா அரெஸ்டுன்னு சொன்னாங்க!"

"பெரியப்பா…"

"மாட்டுன்னு சொல்றேன்!" அக்சிலியாவைப் பிடித்துத் தள்ளினார். அவள் சுவரில் போய் மோதினாள். எதிர்ப்பட்ட குழந்தைகளுக்கெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுவிடும் கை அது. தள்ளிய வேகத்தில் அவருக்கே கால் மடங்கியது. மிக்கேல் தாங்கிக்கொள்ளாவிட்டால் தலை தரையில் அடித்திருக்கும்.

சர்க்கரை இறங்கி அவர் உடம்பு நடுங்கியது. உதடு வெளுத்திருந்தது. அக்சிலியா சமையலறைக்கு ஓடி ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து, அவர் பல்லுக்கு நடுவே சாய்த்தாள். பாதி சட்டையில் வழிந்தது. பாதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கண் நிதானத்துக்கு வந்தது. சாலம்மாள் இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

எல்லோரும் அவரைச் சுற்றி நின்றபோது அக்சிலியா மட்டும் உள்ளே போய் அந்தச் சாசரை எடுத்தாள். யாருக்கும் தெரியாமல் ஒரு தாளில் கொட்டி மடித்துச் சுடிதார் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் திரையைப் பார்த்தாள்.

'ஆபத்து! உங்கள் கணினியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் உள்ளன. சட்டவிரோதப் படங்கள் கண்டறியப்பட்டுள்ளன. கணினியை அணைக்க வேண்டாம். உடனே இந்த எண்ணை அழைக்கவும்.'

அக்சிலியாவுக்கு இந்தச் சிவப்புப் பெட்டி புதிதில்லை. முன்பு ஒருமுறை அவள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒன்று வந்து, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பிரவீனா போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எடுக்க வைத்தாள். 'நிஜமான வைரஸ் தடுப்பு மருந்து உனக்குப் போன் நம்பர் கொடுக்காதுடி' என்று பிரவீனா அன்றைக்குச் சொன்னது ஞாபகம் இருந்தது. இந்தப் பெட்டியின் பெயரும் போலிதான். எல்லோருக்கும் தெரிந்த பெரிய கம்பெனியின் பெயர், நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது.

"பெரியப்பா, உங்கள என்ன சொன்னாங்க?"

பெனடிக்ட் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பூசை முடிஞ்சு வந்து மடல் அடிக்கலாம்னு போட்டேன் கண்ணு. இந்தப் பொட்டி வந்துச்சு. அந்த நம்பருக்குக் கூப்புட்டேன். மொதல்ல ஒரு பையன் மரியாதையாத்தான் பேசுனான். ஒரு நம்பரை அடிக்கச் சொன்னான். அதுக்கப்புறம் மவுஸு தானா நகுந்துச்சு. அப்புறம் அந்தத் தொப்பிக்காரன் வந்தான். அசிங்கமான படமெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குது, சின்னப் புள்ளைங்க படம், ஜாமீன் கெடைக்காது, பேப்பர்ல போட்டோ வரும், கோயில்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அனுப்புவோம்னு…" அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "நான் பாக்கல கண்ணு. மாதா மேல சத்தியமா நான் எதையும் பாக்கல."

"உங்க கம்ப்யூட்டர்ல அப்புடி ஒண்ணுமே இல்லைங்க பெரியப்பா."

"இருக்குதுன்னு அதுவே சொல்லுதே!"

சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், தன்னிடமிருந்த இரண்டு பென் டிரைவில் ஒன்றில் நல்ல சோதனை மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரிலிருந்து இறக்கிக்கொண்டாள். இன்னொன்றில் இருந்த எல்லாவற்றையும் அழித்துக் காலியாக்கினாள். திரும்பி வந்து அந்தக் காலி பென் டிரைவைச் செருகி, அதில் ஒன்றும் இல்லை என்பதைப் பெனடிக்டுக்குத் திறந்து காட்டினாள். பிறகு அந்தச் சிவப்புப் பெட்டியிலேயே பென் டிரைவை மட்டும் காட்டி 'சோதனை செய்' என்பதை அழுத்தினாள்.

பச்சைக் கோடு ஓடியது. முடிந்தது. 'முந்நூற்றுக்கும் மேற்பட்ட வைரஸ்கள். சட்டவிரோதப் படங்கள்.'

"காலிப் பாத்திரத்துல என்னங்க பெரியப்பா இருக்கும்? எதைக் குடுத்தாலும் இது இதையேதான் சொல்லும். இது காவலுக்கு வந்தது இல்ல. இதுதான் திருடன். அந்தத் தொப்பியும் போலீஸ் தொப்பி இல்ல."

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று அக்சிலியா நினைத்தாள். ஆனால் பெனடிக்ட், "அப்ப காலையில இருந்து நான் யாரைக் கையெடுத்துக் கும்புட்டேன்?" என்று கேட்டார். மிக்கேல் அவர் தோளில் கையை வைத்தார். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேலை சாயங்காலம் வரை இழுத்தது. முதலில், போலீசுக்கு வேண்டியிருக்கும் என்று திரையில் இருந்ததையெல்லாம் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, அவசியமானவை மட்டும் ஓடும் பாதுகாப்பு நிலையில் திறந்தாள். சிவப்புப் பெட்டி எழுந்து வரவில்லை. அதை வேரோடு நீக்கினாள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது. தூரத்திலிருந்து ஒருவன் இந்தக் கம்ப்யூட்டரைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வழி செய்யும் மென்பொருள். அதையும் நீக்கினாள். இன்டர்நெட் பார்க்கும் பிரவுசரில், அறிவிப்பு அனுப்ப ஏதோ ஒரு தளத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. அதை ரத்து செய்தாள். கடைசியாக பென் டிரைவில் கொண்டுவந்ததை ஓடவிட்டாள். அது ஊர்ந்து ஊர்ந்து போய், மிச்சமிருந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்தது.

இதற்கு நடுவில், தொப்பிக்காரன் சொன்னபடி அணைத்துப் போட்டிருந்த பெனடிக்டின் செல்போனைத் திறந்து, பாங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கினார்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாமல் போனிலேயே மாற்றினார்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அக்சிலியா கேட்டாள்.

"இது மொதல்ல எப்புடி உள்ள வந்துச்சுங்க பெரியப்பா? எதையாவது எறக்கினீங்களா?"

பெனடிக்ட் மிக்கேலைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டார். "தெரியல கண்ணு. ஞாபகம் இல்ல."

"ஏனுங்க ஞாபகம் இல்ல?" சாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுளியாகச் சொன்னாள். "நம்ம டோனி அனுப்புனதுதானுங்களே? எங்க கம்பெனி இலவசமாக் குடுக்குது, போட்டுக்குங்கன்னு வாட்சப்புல…"

"நீ சும்மா இரு!" பெனடிக்ட் கத்தினார். ஒயரை மாட்டச் சொல்லிக் கத்தியபோதுகூட இல்லாத குரல் அது.

சாலம்மாளுக்குத் தான் சொன்னது இன்னதென்று புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிக்கேல் நின்ற இடத்திலேயே நின்றார். முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் சட்டையின் மேல் பட்டனைத் தேடி, ஏற்கெனவே போட்டிருந்த பட்டனை மறுபடி போட முயன்றது.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அக்சிலியா பேசினாள். விவரமெல்லாம் கேட்டுக்கொண்ட பெண், கடைசியில், "லிங்க் யார் அனுப்புனாங்கன்னு தெரியுங்களா?" என்றாள்.

அக்சிலியா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

"விசாரிச்சுச் சொல்றேனுங்க" என்றாள்.

டோனி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஹாலில் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடவில்லை. காலையில் அணைத்த குழம்பு அப்படியே அடுப்பில் இருந்தது.

"டோனி, பெனடிக்ட் பெரியப்பா ஊட்டுல இன்னைக்கு…" என்று ஆரம்பித்தாள் அக்சிலியா.

அவன் ஷூ லேசை அவிழ்க்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. பெரியப்பாவுக்கு என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.

அவன் கேட்காததில்தான் அக்சிலியாவுக்கு எல்லாம் விளங்கியது.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"அக்கா…"

"காலையிலயே தெரியும் உனக்கு."

டோனி ஒரு ஷூவோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். "சேரும்போது நெசமாவே வைரஸ் கம்பெனின்னுதான் நெனச்சேன்க்கா. போகப் போகத்தான் தெரிஞ்சுது. வெளிய வரலாம்னு பாத்தா, ஒரிஜினல் சர்ட்டிபிகேட் பூராவும் அவங்ககிட்ட. நிரந்தரம் ஆவோணும்னா தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பி எறக்க வைக்கோணும்னாங்க. யாரும் அந்த நம்பருக்குக் கூப்புட மாட்டாங்க, பொட்டியைப் பாத்துட்டு மூடிருவாங்கன்னு நெனச்சேன்."

"பெரியப்பா கூப்புட்டாரே?"

"பக்கத்து சீட்டுக்குத்தான் வந்துச்சு." அவன் ஷூ லேசை விரலில் சுற்றினான். "ஹெட்போனை மீறிக் கேட்டுச்சுக்கா. மாதா மேல சத்தியம், மாதா மேல சத்தியம்னு அழுவறாரு. வேற யாரு குரலும் அப்புடி இருக்காது."

"நீ என்ன பண்ணுன?"

"பாத்ரூமுக்குப் போயிட்டேன். கொழாயைத் தொறந்து விட்டுட்டு நின்னேன்."

அந்தோணிமேரி எழுந்து வந்து மகனுக்கு முன்னால் மறைத்தாற்போல் நின்றாள். "போதும் விடு. புள்ளை பயந்துருக்கான். அவன் என்ன கொலையா பண்ணிட்டான்? பெனடிக்ட் அண்ணனுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. அதான் நீ போய்ச் சரி பண்ணிட்டியே."

அக்சிலியா சுடிதார் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். தரையில் பிரித்து வைத்தாள். வெள்ளையும் மஞ்சளுமாய் மாத்திரைகள் உருண்டன.

"இது அவரு மேசை மேல சாசர்ல இருந்துச்சும்மா. கைக்கு எட்டற தூரத்துல. சாலம்மா பெரியம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது."

அந்தோணிமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக மகனுக்கு முன்னாலிருந்து நகர்ந்தாள். டோனி அந்த மாத்திரைகளைப் பார்த்தான்.  

அப்போது மிக்கேலின் செல்போன் அடித்தது. பெனடிக்ட்.

மிக்கேல் காதில் வைத்தார். அமைதியான அந்த ஹாலில் மறுமுனைப் பேச்சு எல்லோருக்கும் கேட்டது.

"மிக்கேலு, பையனை அடிச்சுராத. போலீசு கேட்டா ஞாபகம் இல்லைன்னு சொல்லிருவேன். ஞானஸ்நானத் தொட்டிகிட்ட அவனைத் தூக்கிப் புடிச்சவன் நானு. நானே அவனைக் காட்டிக் குடுப்பனா? சாலம்மாகிட்டயும் சொல்லிட்டேன். இது நம்ம ரெண்டு ஊட்டோட போயிரோணும். என்ன, கேக்குதா?"

"கேக்குதுங்கண்ணா" என்றார் மிக்கேல். வைத்துவிட்டார்.

அந்தோணிமேரி கண்ணீரோடு கை கூப்பினாள். "பாத்தியா? பெரிய மனுசன். கடவுள் காப்பாத்திட்டாரு."

அக்சிலியா தம்பியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் யாருக்கெல்லாம் அனுப்புன?"

டோனி தலையைக் குனிந்தான்.

"சொல்லுடா."

"நம்ம கோயில் பங்கு வாட்சப் குரூப்புல போட்டேன்."

பங்கு குரூப். அவள் மனசில் முகங்கள் வரிசையாக வந்தன. ரயில்வே லைன் பக்கம் தனியாக இருக்கிற பாட்டு வாத்தியார். மகள் வெளிநாட்டில் இருக்கிற விதவைகள். பேரப் பிள்ளைகளிடம் வீடியோவில் பேசுவதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். அத்தனை பேருக்கும் டோனி நேற்றுவரை கோயில் உபதேச வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன். அவன் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

"இப்பவே சொல்லியாகோணும்" என்றாள்.

"சொல்லு, வேண்டாம்னா சொல்றேன்?" அந்தோணிமேரி அவசரமாகச் சொன்னாள். "வைரஸ் வருதாம், சூதானமா இருங்கன்னு பொதுவாப் போடு. பேர் எதுக்கு?"

"அப்புடி ஒரு நாளைக்குப் பத்து வருதும்மா, யாரும் படிக்கறதில்லை. அவங்க எறக்குனது டோனி அனுப்புனதாலதான். டோனி அனுப்புனதே ஏமாத்துன்னு சொன்னாத்தான் எடுப்பாங்க."

"சொன்னா அவன் ஜெயிலுக்குப் போவான்டி! இந்த ஊர்ல நாம தலை நிமிந்து நடக்க முடியுமா? கோயிலுக்குப் போக முடியுமா?"

அக்சிலியா போனைக் கையில் எடுத்தாள். குரூப்பைத் திறந்தாள். விரல் எழுத்துகளின் மேல் நின்றது. சாயங்காலம் 1930-இல் பேசிய பெண்ணிடம் எந்த இடத்தில் வாய் அடைத்ததோ, அதே இடத்தில் இப்போது விரலும் அடைத்துக்கொண்டது. சின்ன வயதில் அவள் இடுப்பில் தூக்கி வைத்துத் திரிந்த பையன். அவன் பெயரின் முதல் எழுத்தைக்கூட அடிக்க முடியவில்லை.

மிக்கேல் கையை நீட்டினார். "குடு."

"அப்பா…"

"குடு சாமி."

போனை வாங்கி, எப்படிப் பேசிப் பதிவு செய்வது என்று கேட்டார். அவள் பட்டனைக் காட்டினாள். அவர் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து சொல்கிற விஷயமாக அது அவருக்குப் படவில்லை போலிருக்கிறது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கூட்ஸ் ஷெட் மிக்கேல் பேசறேன். என்ற பையன் டோனி, கம்ப்யூட்டருக்குக் காவல்னு சொல்லி இந்தக் குரூப்புல ஒண்ணு அனுப்பியிருந்தான். அது காவல் இல்லைங்க. ஏமாத்து வேலை. அவனுக்குத் தெரிஞ்சேதான் அனுப்பியிருக்கான். எறக்காதவங்க எறக்க வேண்டாம். எறக்குனவங்க இன்டர்நெட் ஒயரைப் புடுங்கிப் போடுங்க. செவப்பா ஒரு பொட்டி வந்தா அதுல இருக்கற நம்பருக்குக் கூப்புடாதீங்க. யாராச்சும் மெரட்டுனாப் பயப்படாதீங்க, அவன் போலீசு இல்ல. என்ற பொண்ணு அக்சிலியா வந்து எடுத்துக் குடுக்கும். போன வாரம் உங்ககிட்டயெல்லாம் நான் பெருமையாச் சொன்னேன். என்னை மன்னிச்சுருங்க."

விரலை எடுத்தார். செய்தி போய்ச் சேர்ந்தது.

அந்தோணிமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அங்கே விசும்பல் கேட்டது. டோனி தரையில் கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் வைத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைப் பொறுக்கச் சொல்லவில்லை.

குரூப்பில் ஒருவரும் பதில் போடவில்லை. பலரும் கேட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இந்த மௌனம் நாளை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எப்படி இருக்கும் என்று அக்சிலியா நினைத்துப் பார்த்தாள்.

போன் அடித்தது.

அடைக்கலமேரி. பாட்டு வாத்தியார் வீட்டுக்கு அடுத்த வீடு. மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்சிலியாவா? கண்ணு, வாத்தியாரு ஊட்டு ஜன்னல் வழியாப் பாத்துட்டு ஓடியாறேன். அவரு கம்ப்யூட்டரு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. உள்ளார ஒருத்தன் மெரட்டறான். உங்கப்பா பேசுனதை நான் ஜன்னல்லயே நின்னு கத்திச் சொன்னேன், கேக்க மாட்டேங்கறாரு. நீ போ, நீ போன்னு கையைக் காட்டறாரு. கதவை உள்ள தாழ் போட்டிருக்காரு."

"மெயின் சுவிட்ச் வெளியதானுங்களே இருக்குது? அதை அணைச்சு விடுங்க. அந்த இடத்தை விட்டு நகராதீங்க. இதா வாரேன்."

அக்சிலியா பென் டிரைவை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். பின்னால் டோனி எழுந்து நின்றான். ஒரு காலில் ஷூ, இன்னொரு கால் வெறுங்கால்.

"அக்கா, நானும் வாரேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கூட வா என்று சொல்ல வாய் வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

மிக்கேல் மகன் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

"கூட்டிக்கிட்டுப் போ சாமி. வாத்தியாரு ஊட்டுக் கதவை அவனே தட்டட்டும். யாருன்னு உள்ளயிருந்து கேட்டா, அவனே பேரைச் சொல்லட்டும்."